பதினோரு கடிதங்களும் ஒரே முகவரியும்

அந்தக் கடைவீதியில் அவளுக்கு ஒட்டு அக்கா என்று பெயர். போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில், கம்ப்யூட்டர் முன்னால் இருபத்தாறு வருஷம். செல்லரித்த படத்தில் மூக்கு போயிருந்தால் மூக்கு வைப்பாள். செத்துப்போன அப்பாவைக் கொண்டுவந்து மகளின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்துவாள். "அக்கா, தாத்தாவைக் கொஞ்சம் சிரிக்க வைங்க" என்றால் அதுவும் நடக்கும், உயிரோடு இருந்தபோது அவர் சிரித்தாரோ என்னவோ.

தொழில் ஒரு கெட்ட பழக்கத்தையும் கற்றுக்கொடுத்திருந்தது. பழைய படம் கைக்கு வந்தால் முதல் கேள்வி, "எப்ப தவறிட்டாங்க?" ஒருமுறை ஒருவர் பொங்கிவிட்டார். "தவறவா? எங்கப்பா வெளியில வண்டியில உக்காந்திருக்காரும்மா!" கடையே சிரித்தது, அவளும் சிரித்தாள். ஆனால் பழக்கம் போகவில்லை. மஞ்சளடித்த காகிதத்தில் இருக்கிற எல்லோரும் அவளுக்குச் செத்தவர்கள்தான்.

அவளுடைய அம்மாவும் சட்டத்துக்குள் ஒரு முகம். இவள் ஐந்து மாதக் குழந்தையாக இருக்கும்போது போய்விட்டாள். கூடத்தில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் கண்களைப் பார்த்துவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனாள், வேலைக்குப் போனாள். கட்டினவன் விட்டுவிட்டுப் போனபோது வாய்விட்டு அழுததும் அந்தக் கண்களிடம்தான். அம்மாவும் தானும் சேர்ந்திருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசை. ஊருக்கெல்லாம் ஒட்டித் தருகிறவளுக்கு அது அரைமணி நேர வேலை. மனசு வரவில்லை. அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கூடப் பார்த்ததில்லை. கழற்றினால் அம்மாவும் இன்னொரு வேலையாகிவிடுவாள் என்று பயம்.

"உங்கம்மா பக்கத்துச் சொந்தம்னு யாரும் இல்லம்மா" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். அவர் போனபின் தகரப் பெட்டியை ஒழித்தபோது, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில், நூலால் கட்டிய பதினோரு கடிதங்கள் இருந்தன. எழுதியவள் அம்மாவின் தங்கை. எல்லாவற்றிலும் ஒரே முகவரி. முதல் கடிதத்தில், குழந்தையை நான்தான் வளர்ப்பேன் என்று சண்டைக்கு வந்திருந்தாள். போகப் போகக் குரல் இறங்கி, கடைசிக் கடிதத்தில் இரண்டே வரி. வளர்க்கக் கேட்கவில்லை அத்தான். ஒரு தடவை கூட்டிவந்து காட்டிவிட்டுப் போங்கள்.

பதிலே எழுதாத மனிதர் எதற்காக இவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்? கேட்டுச் சண்டை போடலாமென்றால் அவரும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். இவள் என்ன செய்தாள்? கடிதங்களை ஸ்கேன் செய்தாள். பெரிய அட்டையில் வம்ச வரைபடம் போட்டாள். சித்தி பெயருக்கு எதிரே இறந்த தேதிக்குக் கட்டம் ஒன்று வரைந்து வைத்தாள். அந்தக் கட்டத்தை நிரப்ப, சித்தியின் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஐந்து வருஷப் பதிவேடு தேடி, இல்லை என்று பதில் வரும். அடுத்த ஐந்து வருஷத்துக்கு மறுபடி எழுதுவாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடிப்போனது. கடைசியில் லீவு போட்டு நேரிலேயே கிளம்பினாள்.

பதிவேட்டுக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது? ஐம்பது வருஷத்துப் புத்தகத்தைப் புரட்டியாச்சும்மா. செத்தவங்க கணக்குல அவங்க இல்ல. அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"மூணாவது தெருதானே!"

அப்போதுதான் அவள் விரல்விட்டு எண்ணினாள். அம்மா போனபோது சித்திக்கு வயது பதினாறு. இப்போது அறுபத்தெட்டு. அறுபத்தெட்டு ஒரு வயதா?

சித்தி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் விவரம் கேட்டுத் திகைத்துப்போய் உள்ளே கூட்டிப்போனாள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரு?" என்றாள்.

"நான்... உங்க அக்கா பொண்ணு."

சித்தி திரும்பினாள். பார்வை இவள்மேல் நிற்காமல் எங்கோ போயிற்று. கைதான் துழாவிவந்து இவள் கன்னத்தைப் பிடித்தது, தலையைத் தடவியது.

"நரைச்சிருச்சாடி?"

"நரைச்சிருச்சு சித்தி."

மருமகள் மெஷின் டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்துவந்து கொடுத்தாள். உள்ளே ஒரு படம். கட்டிலில் அம்மா, கண் மூடி. அவள் கை வளைவுக்குள் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கும்போது அக்காவை யாரும் படம் எடுக்கல," என்றாள் சித்தி. "போன அன்னைக்கு எடுத்தது இது. நீ அழுகையை நிறுத்தவே இல்ல. அவ பக்கத்துல போட்டதும் தூங்கிட்ட. அப்புறம் உங்கப்பா முகத்தை மட்டும் பெருசு பண்ணச் சொன்னாரு. மூடின கண்ணுக்கு ஸ்டுடியோக்காரர் என்ன பண்ணுவாரு? என்னை எதிர்ல உக்கார வச்சு, என் கண்ணைப் பாத்துதான் வரைஞ்சாரு."

ஆசைப்பட்ட படம் கையில் இருந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. பரீட்சைக்கும் வேலைக்கும் வழியனுப்பிய கண்கள், அழுததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கண்கள், இத்தனை வருஷமும் இந்த வீட்டில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"கண்ணு எப்பலேர்ந்து சித்தி இப்படி?"

"ஒண்ணு முன்னாடியே போச்சு. இன்னொண்ணு போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் தெரிஞ்சுது. உன்னைப் பாத்திருப்பேன்." பிறகு, "லெட்டரெல்லாம் எப்ப உன் கையில கெடச்சுது?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"போன வாரம்தான் சித்தி."

சித்தியின் கை அவள் தலையிலேயே இருந்தது.

"கெடச்ச உடனே ஓடி வந்துட்டியே," என்றாள். "அது போதும்டி எனக்கு."