கெம்பிக்கு வைத்த மஞ்சள்

கறக்கிற பால் வெறும் சொம்பின் அடியில் விழும்போது 'சர்ர்... சர்ர்...' என்று ஒரு சத்தம் வரும். சொம்பு நிறைய நிறைய அது மெத்தென்று அடங்கிவிடும். எண்பதுகளில் மத்திகிரியில் எங்கள் காலை விடிந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

கல்யாணமான புதுசு. இவருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஈரம்மா வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். ஈரம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம். கணவர் தவறி, மகளைத் தளிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு, ரெண்டு மாடுகளோடு தனியாக இருந்தார். சினையாக இருந்தவள் கௌரி. கறவையில் இருந்தவள் கெம்பி. செந்நிறத்தில் இருப்பாள், நெற்றியில் மட்டும் வெள்ளைச் சுட்டி. கன்னடத்தில் கெம்பு என்றால் சிவப்பு.

அந்த வாரம் ஏரிப் பக்கம் மேய்ந்த செம்மறிகளில் ரெண்டு திடீரென்று விழுந்து செத்துப்போயின. வெயில்தான் காரணம் என்றார்கள். கெம்பியும் அங்கேதான் மேய்வாள்.

ஒரு நாள் விடிந்தும் சொம்புச் சத்தம் வரவில்லை. வெளியே வந்து பார்த்தால், கொட்டகைக்கு வெளியே கெம்பி கால் நீட்டிக் கிடந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் தார் மாதிரி கறுப்பாக வழிந்து, உறையாமல் நின்றது.

"கெம்பி ஹோதளம்மா..." என்று ஈரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். போய்விட்டாளாம். ராத்திரி புல் தின்ற மாடு!

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். சின்ன வயசு. எட்ட நின்றே பார்த்தார், முகம் மாறிவிட்டது. "அடைப்பான் மாதிரி தெரியுதும்மா. யாரும் கிட்ட போகாதீங்க, தோல் உரிக்க ஆள் விடாதீங்க. குழி வெட்ட ஆளும் சுண்ணாம்பும் கொண்டாறேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு விரைந்தார்.

ஈரம்மாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை. பக்கத்து போர்ஷன் மாடசாமி அண்ணனைக் கேட்டார். அண்ணன் திருநெல்வேலிக்காரர், லேத் ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

"அடைப்புன்னா மாரடைப்புதாம்மா. ஹார்ட் அட்டாக். போன மாசம் எங்க ஃபோர்மேனுக்கு வந்துச்சுல்லா, அதேதான்."

"மாட்டுக்குமா?"

"ஏன், மாட்டுக்கு இருதயம் இல்லியா?"

"நம்ம கௌரிக்கு ஒட்டுமா சாமி?"

"ஹார்ட் அட்டாக் எங்கம்மா ஒட்டும்? நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

ஈரம்மாவுக்கு உயிர் வந்தது. எங்கள் அடுப்படிக்கு ஓடி வந்தார். "பாலு கொடுத்த தாயி. சும்மா அனுப்பக்கூடாது. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சுத்தான் மண்ணுக்குக் கொடுக்கணும். மஞ்சள் நான் பூசறேன். குங்குமம் நான் வெக்கக்கூடாது, நீதான் வெக்கணும், வா."

கணவரை இழந்தவர் கையால் குங்குமம் ஆகாது என்பது அவர் வளர்ந்த விதம். அடைப்பான் எனக்கும் புதுச் சொல்; அண்ணன் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். எனக்கும் அது கடமையாகத்தான் பட்டது. சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தேன். குடத்தில் மஞ்சள் கரைத்தோம். ஈரம்மா கை முழுக்கப் புல்லறுத்த அரிவாள் கீறல்கள். அந்தக் கையைக் குடத்தில் விட்டுக் கலக்கினார்.

கெம்பிக்குப் பத்தடி தூரம் இருக்கும்போது டாக்டரின் பைக்கும், பின்னாலேயே ஆள்களும் சுண்ணாம்பு மூட்டைகளுமாக ஒரு வண்டியும் வந்து நின்றன.

"தொடாதீங்க! எட்டப் போங்கம்மா! அந்த ரத்தம் கைக்கீறல்ல பட்டா உங்களுக்கும் வந்துரும்!"

"ஆர்ட் அட்டாக் ஒட்டாது சாமி" என்றார் ஈரம்மா, நிற்காமல்.

டாக்டர் திகைத்துப்போனார். மண்வெட்டியோடு வந்த ஆள்களில் ஒருவர்தான் கத்தினார்: "அவ்வா, இது நெரடி! நெரடி ரோகம்!"

ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பானுக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். அந்தச் சொல் போதும். ஈரம்மா அப்படியே நின்றுவிட்டார். மாடசாமி அண்ணன் மெதுவாகத் தன் போர்ஷனுக்குள் போய்விட்டார்.

டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு, மருந்தில் நனைத்த பஞ்சைக் கெம்பியின் மூக்கில் அடைத்தார். கொல்லைக் கோடியில் ஆழக் குழி வெட்டி, கட்டைகளால் தள்ளி இறக்கினார்கள். ஈரம்மா அழவில்லை. "மூளியா போறாளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டருக்கே மனசு கேட்கவில்லை. "கை படாம, தள்ளி நின்னு எத வேணும்னாலும் போடுங்கம்மா."

நாங்கள் மேட்டில் நின்றோம். ஈரம்மா குடத்தைச் சரித்தார். மஞ்சள் தண்ணீர் சரியாக அந்த வெள்ளைச் சுட்டியில் விழுந்து வழிந்தது. நான் குங்குமத்தை அள்ளி வீசினேன். காற்று அதை என் சேலையிலேயே கொண்டுவந்து கொட்டியது. ஒரு துளிகூடக் கீழே போய்ச் சேரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்து சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக் கொட்ட ஆரம்பித்தார்கள். முதல் தூவல் ஈர நெற்றியில் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள், சிவப்பாகிக்கொண்டே வந்தது... ஆரத்தித் தட்டில் ஆகுமே, அதே சிவப்பு. நெற்றி நிறைய.

ஈரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நோடு... பாரு... யாரு கையும் படல. அவளே வெச்சுக்கிட்டா."

டாக்டர் குனிந்து பார்த்தார். அடுத்த மூட்டையைக் கொஞ்ச நேரம் கழித்தே பிரிக்கச் சொன்னார்.

கௌரிக்கும், சுற்றிலும் இருந்த ஆடு மாடுகளுக்கும் ஊசி போட்டார்கள். டாக்டர் சொல்லும்வரை தெருவில் யாரும் பால் வாங்கவில்லை. என் காலண்டரில் பால் கணக்குக் கட்டங்கள் காலியாகவே கிடந்தன. எங்கள் இருவர் கைகளையும் டாக்டர் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். தெய்வாதீனமாக ஒன்றும் ஆகவில்லை. கௌரி கிடாரிக் கன்று போட்டபோது, அதே குடத்தில் மஞ்சள் கரைத்து வாசலில் தெளித்தோம். குழியைச் சுற்றி ஈரம்மா போட்ட முள்வேலி, நாங்கள் வீடு மாறும்வரை அப்படியே இருந்தது.

இப்போது பால் பாக்கெட்டில் வருகிறது, சத்தமில்லாமல். ஆரத்திக்கும் கடையில் பொடி விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் உடனே சிவப்பு. மருமகள் அதைத்தான் வாங்குவாள். பாவம், அவளுக்கு வேலைக்குப் போகிற அவசரம்.

நான் மட்டும் இன்னும் மஞ்சளைக் கரைத்து, விரல் நுனியால் சுண்ணாம்பு தொட்டு வைக்கிறேன். "என்னத்தை அப்படிப் பாக்கறீங்க, அத்தை? ஆரத்திக்கு வாசல்ல நிக்கறாங்க" என்பாள் மருமகள்.

"இரும்மா... செவக்கட்டும்."