கன்னி மூலையில் அடைத்த குழாய்

மரகதத்துக்கு வீடு காட்டுவதென்றால் புரோக்கர் அசோகன் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டான். மற்றவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், பூஜை அலமாரியைப் பார்ப்பார்கள், குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். இவள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே, "மாடிக்கு எப்டி போறது?" என்பாள். படி இல்லாத வீடென்றால் ஏணி கொண்டுவரச் சொல்வாள். மாடிச் சாவி ஊருக்குப் போன தம்பியிடம் இருக்கிறது என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னதற்கு, "அப்போ தம்பி வந்தப்புறமே வூட்ட வித்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சும்மாவா நடந்தாள்? பெங்களூர் ஆடுகோடியில், ஒர்க்‌ஷாப் சந்துக்குள், அவள் குடும்பம் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்த வீடு மழைக்கு ஒழுகாத நாளே கிடையாது. ஷீட் போட்ட வீடுகூட இல்லை, கான்கிரீட் ஊற்றிய மோல்டு வீடு! மழை வந்தால் அண்டாவும் குண்டானும் கட்டில் மேல் ஏறும். சுவரெல்லாம் பூஞ்சை. மகள் சிந்துவுக்கு ஜூன் பிறந்தால் போதும், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். மரகதம் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, மேலே சொட்டுகிற கூரையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஈரமில்லாத வீட்டுக்குப் போங்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். வீட்டுக்காரனோ, "அடுத்த மாசம் தார் பூசிடறேம்மா" என்பான். அவனுடைய அடுத்த மாசம் வரவேயில்லை.

திட்டி அலுத்துப்போய் அவளே மாடியேறித் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுவாள். தள்ளித் தள்ளித்தான் விஷயம் புரிந்தது. மொட்டை மாடி பார்க்கத்தான் தட்டை. உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கொத்தனார்கள் அதை வாட்டம் என்பார்கள். வாட்டம் சரியாக இருந்து, அது முடிகிற இடத்தில் குழாயும் இருந்தால் மழைத்தண்ணீர் விழுந்த வேகத்தில் ஓடிவிடும். இல்லையென்றால் குளமாக நிற்கும். நின்றால் எப்பேர்ப்பட்ட கான்கிரீட்டும் குடிக்கும், குடித்ததைக் கீழே சொட்டும்.

கார்மென்ட்ஸ் பேக்டரியில் காலர் தைத்துத் தைத்து அவள் சேர்த்ததும், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஆபீஸ் வேன் ஓட்டிப் புருஷன் உத்தமன் சேர்த்ததுமாக, தொண்ணூற்றெட்டில் பேகூர் பக்கம் ஒரு வீடு அமைந்தது. விற்கிறவர் கோவிந்தப்பா, கன்னடக்காரர். மரகதம் அவர் வீட்டு மாடியில் ஏறி, குடம் குடமாகத் தண்ணீர் வரவழைத்து வடகிழக்கு மூலையில் ஊற்றினாள். கோவிந்தப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏனம்மா, நீ மனெ வாங்க வந்தியா, மாடி கழுவ வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தண்ணீர் தென்மேற்கைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடி, மூலையிலிருந்த குழாய்க்குள் விழுந்தது. ஒரு கையளவுகூட எங்கேயும் தேங்கவில்லை. கீழே இறங்கி அந்த மூலைக்கு நேர் கீழ் அறையின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கறையே இல்லை. "இது சிந்து ரூமு" என்றாள். அசோகன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கிய வீட்டை இரண்டு ஆம்பிளைகள் ஒரே மத்தியானத்தில் கெடுத்தார்கள். உத்தமனின் அண்ணன் சந்தானம் பிரேசர் டவுனில் ஒரு ஆபீசில் ஹெட் கிளார்க். அந்த வருஷங்களில் பெங்களூருக்கே வாஸ்துப் பைத்தியம் பிடித்திருந்தது. நன்றாக இருக்கிற வாசலை இடித்துத் திருப்பினார்கள். திசை சரியில்லையென்று சொந்தக் கக்கூஸைப் பூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினவர்களும் உண்டு. சந்தானம் வந்து மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"டேய், தென்மேற்கு கன்னி மூலைடா! அங்க தண்ணி வெளிய போனா லட்சுமியும் கூடவே போயிடுவாடா. மொதல்ல அத்த அடை. ஈசான்யத்துல வுடு."

மரகதம் பேக்டரியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தமன் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தென்மேற்குக் குழாயின் வாயைச் சிமெண்டால் அடைத்தான். வடகிழக்குக் கைப்பிடிச் சுவரில் புதிதாக ஒரு ஓட்டை போட்டான். மாடியின் வாட்டம் அப்படியே தென்மேற்கைப் பார்த்துத்தான் இருந்தது. தண்ணீர் சந்தானத்துக்கு மரியாதை கொடுத்து மேட்டிலேறி ஈசான்யத்துக்குப் போய்விடும் என்று இருவருக்கும் நினைப்பு! மடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அதற்கு மூன்றாம் நாள், வைகாசியில் கிரகப்பிரவேசம். மாடியில் ஷாமியானா போட்டுப் பந்தி நடந்தது. அடைத்த மூலையில் பந்தல்காரன் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்ததால் மரகதத்தின் கண்ணில் எதுவும் படவில்லை. மூன்றாம் பந்திக்குப் பாயசம் போகும்போது மழை பிடித்தது. பெங்களூர் மழை, சொல்லிக்கொண்டா வரும்? கொட்டித் தீர்த்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் புடவையையும் பேண்டையும் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். தென்மேற்குப் பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர், அதில் எச்சில் இலைகள் மிதந்தன.

"கெங்கையே வந்து எறங்கிட்டா! நல்ல சகுனம்" என்றார் சந்தானம்.

மரகதம் அவரைத் தாண்டிப் போய் நாற்காலிகளை இழுத்துத் தள்ளினாள். குழாய் இருந்த இடத்தில் வழவழவென்று சிமெண்ட். அதே நேரம் கீழேயிருந்து சிந்து கத்தினாள்: "அம்மா, என் ரூமு ஒழுவுது!"

மரகதத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"யாருய்யா இத்த அடைச்சது?"

உத்தமன் அண்ணன் பக்கம் கையைக் காட்டினான். "அண்ணன்தான் வாஸ்து சரியில்லன்னாரு..."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ வுட மாட்டே மரகதம்."

அதுதான் அவளைக் கொன்றது. தெரியாமல் செய்திருந்தால்கூடப் போகிறது என்று விட்டிருப்பாள். அவள் வேண்டாமென்பாள் என்று தெரிந்து, ஏன் வேண்டாமென்பாள் என்றும் தெரிந்து, அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்துச் செய்திருக்கிறான். பெற்ற பிள்ளையின் மூச்சைவிட அண்ணன் வாய் பெரிதாகப் போய்விட்டது இவனுக்கு.

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மரகதம் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் போய், அங்கிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள்.

"ஐயோ! நல்ல நாளும் அதுவுமா கன்னி மூலையில கடப்பாரையா? குடும்பம் வெளங்குமா?" என்று சந்தானம் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"மாமா, தள்ளிப் போங்க. கால்ல பட்டா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அவர் தள்ளிப் போனார். மரகதம் குத்தினாள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு திட்டு. வந்திருந்த சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, ரசித்துத்தான் கேட்டார்கள். ஈரம் முழுசாகக் காயாத சிமெண்ட் உடைந்து உள்ளே விழுந்தது. தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு குழாயில் இறங்கியது.

ஆனால் கூரை குடித்தது குடித்ததுதான். சிந்து அறையில் பாதிக் கூரை கறுத்து ஊறி நின்றது. மழை விட்ட பிறகும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மரகதம் மகளின் கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டாள். பிறகு ஒரு பாயைக் கொண்டுவந்து அந்த ஈரத்துக்கு நேர் கீழே விரித்தாள்.

"இது காயற வரைக்கும் நீ இங்கதான் படுக்கணும்" என்றாள் உத்தமனிடம். "உங்க அண்ணன் தங்க வந்தாலும் அவருக்கும் இங்கதான் பாய்."

சந்தானம் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். உத்தமன் படுத்தான். ஜூன் போய் ஜூலை வந்தது. வெளியே ஓயாத தூறல். கூரை காய்கிற வழியைக் காணோம். அவனுக்கு முதலில் தும்மல், அப்புறம் இருமல். ஒருநாள் காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"மரகதம், ஈரம் நெஞ்சுல ஏறுதும்மா. மூச்சு வுட முடியல."

அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"ஏறும்" என்றாள். "உம் பொண்ணுக்குப் பொறந்ததுலேர்ந்து ஏறிச்சு."