தேனீ உண்ணிக்கு வந்த சர்பத் போத்தல்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் கமலம் ஒரு போத்தலைத் திறந்தாள். அதை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கோபம் இன்னும் தணியவில்லை.

எங்கள் தோட்டப் பள்ளிக்கூட வீட்டின் பின்புறம் நான் பெட்டியில் தேனீ வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு மாதமாக அதில் உண்ணி. கடுகளவுகூட இராது; தேனீயின் மேல் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது. சிறகு சுருங்கிய இளம் தேனீக்கள் தரையில் ஊர்கின்றன. ஆண் தேனீ வளரும் அறைகளில்தான் உண்ணிக்குக் கொண்டாட்டம். அவற்றை அறுத்தெடுத்து அடுப்பில் போட்டுவருகிறேன். மெதுவாகத்தான் குறையும்.

மெதுவாக என்றால் நம்மவர்களுக்குப் பொறுக்குமா?

ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி சுப்பையாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அட, இதுக்கா கவலைப்படுறீங்க வாத்தியாரய்யா? ரப்பர் பாலை உறைய வைக்கிறோமே ஆசிட்டு, அது எறும்பு கடிச்சா விடுற அதே சரக்குன்னு துரையே சொன்னாரு. எறும்பு வாடை பட்டா உண்ணி நிக்குமா? நான் கொண்டாறேன் லா!"

வேண்டாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

நானும் மனைவியும் இல்லாத நேரத்தில் வந்து கமலத்தின் கையில் கொடுத்திருக்கிறார். "அப்பாகிட்ட குடு கண்ணு." அவ்வளவுதான். என்ன போத்தல் தெரியுமா? ஆரஞ்சு சர்பத் போத்தல். பழத்தின் படம்கூட உரியவில்லை!

பத்து வயதுக் குழந்தை. வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள். தக்கையைப் பிடுங்கி வாயருகே கொண்டுபோயிருக்கிறாள்... நெடி மூக்கில் ஏறியதும் கை நழுவி, போத்தல் உடையாமல் மண்ணில் விழுந்தது. ஆசிட் பாதத்தில் கொட்டியது. அலறல் கேட்டு ஓடிவந்த அடுத்த வீட்டு முனியம்மா அக்கா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

கொப்புளம் ஆறிவிடும் என்கிறார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்சர். "ஒரு மடக்கு உள்ள போயிருந்தா என்கிட்டே தூக்கிட்டு வந்தே பிரயோசனம் இல்ல" என்றும் சொன்னார்.

கிராணி வீட்டு வாசலில் நின்று கத்தினேன். கூடிய கூட்டம் என்ன சொன்னது? "விடுங்க வாத்தியாரய்யா. பாவம், நல்ல மனசோட குடுத்தாரு."

நல்ல மனசு! ஸ்டோரில் ஆசிட் ஜாடிப் பக்கம் யார் போனாலும் அதட்டுகிறவர் இவர்தான். போத்தலில் ஒரு சீட்டு எழுதி ஒட்ட அந்த மனசுக்குத் தோன்றாதா? நம் தோட்டங்களில் எந்த வீட்டு அலமாரியும் இப்படித்தான் — மருந்துப் போத்தலில் நல்லெண்ணெய், சாராயப் போத்தலில் மண்ணெண்ணெய். கேட்டால், "எங்களுக்குத் தெரியும்" என்பார்கள். குழந்தைக்குத் தெரியுமா?

முந்தாநாள் கிராணி வந்தார். கமலத்தின் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"வாத்தியாரய்யா... அந்தப் போத்தலு சும்மாத்தானே கெடக்கு? மண்ணெண்ணெய் வாங்கணும்."

குப்பைக் குழிக் கல்லில் அடித்து, அவர் கண் முன்னாலேயே உடைத்தேன்.

இப்போது தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்க ஒரே பேச்சு — நல்ல போத்தலை வீணாக்கிய மனுஷன் நான்தானாம்!