மாடியில் நின்ற காலடி

காலைப் பசியாறல் முடிகிற நேரத்தில் அந்த ஆள் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மெதுவான குரல்.

"அக்கா, என் வைஃப் நேத்து இங்க வந்து தங்கியிருக்காங்க. பேரு கவிதா. இன்ஹேலரை விட்டுட்டு வந்துட்டாங்க லா. எந்த ரூம்னு சொன்னா கொடுத்துட்டுப் போயிடறேன்."

கைப்பேசியில் கல்யாணப் படத்தையும் காட்டினான்.

மலேசியாவில் சிரம்பான் பழைய டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழங்காலக் கடைவீடு ஒன்றைப் புதுப்பித்து நடத்தும் தங்கும் விடுதி அது. அறையும் காலைச் சாப்பாடும் மட்டும். ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டை விட்டு வந்த நாளிலிருந்து ரெசப்ஷன், சமையல் இரண்டும் என் பொறுப்பு.

கவிதா முதல் நாள் சாயங்காலம் ஒரே ஒரு பையோடு வந்திருந்தாள். தெருவைப் பார்க்காத அறை வேண்டும் என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. படியேறும்போது அவளுக்கு மூச்சு இரைத்தது ஞாபகம் வந்தது. பாவம், மருந்து இல்லாமல் தவிப்பாளே என்று அறையைச் சொல்ல வாயெடுத்தேன்.

எங்கள் மாடித்தளம் பலகை. யார் நடந்தாலும் கீழே கேட்கும். நடுவே வெளிச்சத்துக்காகத் திறந்துவிட்ட முற்றம் வழியாகக் கீழே பேசுவது மேலே போகும். அதுவரை அவளுடைய பின்பக்க அறையில் கேட்டுக்கொண்டிருந்த காலடி, அவன் குரல் கேட்டதும் சட்டென்று நின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டேன்.

"யார் தங்கியிருக்காங்கன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்ல தம்பி. மருந்த வச்சிட்டுப் போங்க. அந்தப் பேர்ல ஆள் இருந்தா கொடுக்கறேன்."

"இழுப்பு வந்து அவளுக்கு ஏதாச்சும் ஆனா நீங்க பொறுப்பா?"

ஒருவேளை இவன் நல்லவனாக இருந்தால்? நான்தான் அவளைச் சாகவிடுகிறேனா?

அப்போது மேலே பலகை ஒன்று கிறீச்சிட்டது. அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு மாடிப்படியில் கால் வைத்தான்.

"அது எங்க வீட்டுக்காரருப்பா," என்று ஒரு குரல். ஈப்போவிலிருந்து தனியாக வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற டீச்சர், தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "ஈரக் காலோட நடக்காதீங்கன்னா கேக்கவே மாட்டாரு."

அவன் தயங்கினான். நான் போனைக் கையில் எடுத்தேன். "மேல போனா போலீசக் கூப்பிடுவேன்."

இன்ஹேலரை மேசைமேல் வீசிவிட்டுப் போனான். ஆனால் எதிரே காரில் உட்கார்ந்துகொண்டான்.

முன்கதவைப் பூட்டிவிட்டு இன்ஹேலரோடு மாடிக்கு ஓடினேன். "கவிதா, நான் மட்டுந்தாம்மா" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. முகம் வெளுத்திருந்தது. மருந்தை உள்ளிழுத்து மூச்சு சீரானதும் பேசினாள்.

"என்னோடதுதான்கா. ஓடி வர்ற அவசரத்துல விட்டுட்டேன்."

துப்பட்டா விலகியபோது கழுத்தில் விரல் தடங்கள் தெரிந்தன.

அவள் சரி என்றதும் போலீசுக்குச் சொன்னேன். கெமாசிலிருந்து அவள் அண்ணன் வந்து சேரும்வரை டீச்சர் அவள் கையை விடவில்லை. போலீஸ்காரர்கள் காரருகே அவனை விசாரித்துக்கொண்டிருக்க, பின்சந்து வழியாக அண்ணனோடு அவளை அனுப்பினோம். நேராக ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தாள்.

மறுநாள் முதலாளி கேட்டார்: "அவன் பொய் சொல்றான்னு எப்படிக் கண்டுபிடிச்ச?"

"பொய்யே சொல்லல பாஸ். புருஷன்தான். மருந்தும் அவங்களோடதுதான்."

வந்தவர் சொல்வது உண்மையா என்று எடைபோடுவது நம் வேலையில்லை. தான் இருக்கும் இடத்தை யாருக்குச் சொல்வது என்பதை உள்ளே தங்கியிருப்பவர்தான் முடிவு செய்யவேண்டும். நாம் மேலே போய் அவரைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.