சேர்வராயன் குகையில் நான் பார்த்த பாதம்

எல்லோரும் சாமியிடம் வலி போகணும் என்று கேட்பார்கள். நான் வலி வரணும் என்று கேட்டேன். அதுவும் கட்டின புருஷனுக்கு. அந்த அளவுக்கு என்னை நோகடித்துவிட்டார் மனுஷன்.

என் வீட்டுக்காரர் எங்கள் மலையில் மஞ்சக்குட்டைக்கும் ஒண்டிக்கடைக்கும் ஜீப் ஓட்டுகிறவர். இது நடந்தபோதே அவருக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை போட்ட தைரியத்தில் ஜிலேபியும் தின்பார். எண்பதுகளின் நடுவில் ஒரு பங்குனியில், எங்கள் மலைச்சாமி சேர்வராயன் திருவிழாவுக்கு ஒரு மண்டலம் செருப்பில்லாமல் விரதம் என்று ஆரம்பித்தார். பீடியை மட்டும் விரதத்தில் சேர்க்கவில்லை.

ஜீப்பின் தரைத்தகடு அடுப்பாகச் சுடும். அதில் வெறுங்காலை வைத்து ஓட்டுவார்.

"ஏனுங்க, சுடலீங்களா?"

"ஒண்ணுமே தெரியல புள்ள. சேர்வராயன் தாங்கறான்."

ஜீப்பில் வருகிறவர்களும் "பக்தின்னா இதுதானுங்க" என்று ஏற்றிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கரையில் மரத்துப்போன காலுக்குக் கல்லும் தெரியாது, முள்ளும் தெரியாது என்று நர்சம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் ஒருவருக்கு முழங்காலோடு எடுத்தே விட்டார்கள். இவருக்கும் கால் போனால் கிளட்ச்சை யார் மிதிப்பது? பாதத்தைக் காட்டுங்கள் என்றால், விரதக்காரனைப் பொம்பளை தொடக்கூடாது என்பார். அழுதேன். சண்டை போட்டேன். கடைசியில், "சேர்வராயா, இந்த ஆளுக்குக் கொஞ்சமாவது வலியைக் குடு" என்று தினமும் கும்பிட்டேன்.

வைகாசித் திருவிழா வந்தது. வலி மட்டும் வரவில்லை. மனுஷன் ஜம்மென்று மலை ஏறினார். எனக்குச் சாமி மேலேயே கோபம்.

கோயில் தாழ்வான குகை. குனிந்துதான் போகணும். இவர் முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பின்னால் குனிந்திருந்த என் முகத்துக்கு நேராக இரண்டு பாதமும். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. அதற்குள் துருப்பிடித்த ஆணி. சுற்றிலும் சீழ்.

சாமி சன்னதி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அன்றைக்கே சேலம் ஆஸ்பத்திரி. ஆணி குத்தி எத்தனை நாள் என்று டாக்டர் கேட்டார். குத்தினதே தெரியாது என்றார் இவர். "இன்னும் ஒரு வாரம் கழிச்சு வந்திருந்தா காலையே எடுத்திருக்கணும்மா" என்றார் டாக்டர். சுண்டுவிரலோடு போயிற்று. நான் கேட்டது அவருக்கு வலி. சேர்வராயன் என்னைக் குனியவைத்துப் புண்ணைக் காட்டினான். இதை யார் என்ன சொன்னாலும் நான் விடமாட்டேன்.

இப்போது பீடி கிடையாது. மூடின செருப்பு இல்லாமல் வாசல் தாண்டக்கூடாது. காலையில் ஜீப் சாவி வேண்டுமென்றால் முதலில் இரண்டு பாதமும் என் மடிக்கு வரணும். "போலீஸ்காரிகிட்ட மாட்டிக்கிட்டேன்" என்று முனகுவார். முனகட்டும்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் இருந்தால் சேர்வராயனை நம்பிக் கும்பிடுங்கள், கைவிட மாட்டான். ஆனால் வலிக்கவில்லை என்று அவர் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், தாயி. காலைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்.