நித்திரையில்லாத நெல்

எல்.ஈ.டி. பல்ப் வாங்கிவரச் சொல்லி என் கணவரைக் கிளிநொச்சிக்கு அனுப்பியது சமைக்கிற குசினிக்கும் படுக்கிற அறைக்கும்தான். "முற்றத்துக்கும் ஒண்டு பாருங்கோ, எறும்பு ஊர்ந்தாலும் தெரியவேணும்" என்று போகிற நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குப்பி விளக்கில் பாதி வயதைக் கழித்தவள் நான். இருட்டென்றால் இப்போதும் பயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த மனிதர் என் பேச்சை அப்படியே கேட்கப்போகும் நாள் அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கடையில் மஞ்சள் வெளிச்சமா, வெள்ளை வெளிச்சமா என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "பெரிய வெளிச்சம்" என்றிருக்கிறார். குசினி பல்புகள் ஒரு சின்னப் பையில் வந்தன. முற்றத்து லைற் தனிப் பெட்டியில் வந்தது. விளையாட்டு மைதானத்தில் பூட்டுகிற சாமான் அது. வேலை தெரிந்த ஆளைப் பிடியுங்கள் என்றேன். கேட்கவில்லை, தானே ஏணி வைத்து ஏறிக் கூரைக்குக் கீழே சுவரில் பூட்டினார். சுவிச்சைப் போட்டதும் எங்கள் சேவல் கூவியது. அன்றிலிருந்து அது கூவாத நேரமில்லை. அறை யன்னலுக்கு என் கலியாணச் சேலையை இரண்டாக மடித்துக் கட்டினேன், அதற்குள்ளாலும் வெளிச்சம் வந்தது. பஸ் கொண்டக்டர் "லைற் வீட்டடி இறக்கம்" என்று கூப்பிடத் தொடங்கினார்.

கழற்றி எறியுங்கள் என்று நான் சண்டை பிடிக்க இருந்த நேரத்தில், வேலிக்கு அப்பால் வயல் செய்யும் அக்கா வந்தார். தனி ஆள். அந்த ஒரு துண்டு வயலில் மொட்டைக்கறுப்பன் என்ற பழைய இன நெல்லைத்தான் விதைப்பார். வருடம் முழுக்க அவருக்குச் சோறு அதுதான். முந்தின போகத்தில் யானை வந்து அவ்வளவையும் தின்று, வரம்பையும் உழக்கிவிட்டுப் போயிருந்தது.

"தம்பி, அந்த லைற்றை என்ர பக்கம் திருப்பி விடுங்கோ. யானை கிட்டவும் வராது" என்றார்.

என் கணவருக்கு வேறென்ன வேண்டும்? லைற்றை முழுதாக வயலுக்கே திருப்பிவிட்டார். எறும்பு பார்க்க ஆசைப்பட்ட என் முற்றம் பழையபடி இருட்டு. ஆனால் லைற் விடிய விடிய எரிந்தது, யானை வரவில்லை. லைற்றுக்குத் திருநீறு பூசாத குறையாக அக்கா எங்களைப் புகழ்ந்தார்.

தை பிறந்தது. சுற்றுமுள்ள வயல்களில் கதிர் தலை சாய்ந்தது. அக்காவின் வயலிலும் நெல் மஞ்சளானது, ஆனால் பாதி மட்டும். மற்றப் பாதி கதிர் என்ற பேச்சே இல்லாமல் பச்சைப் பசேலென்று நின்றது. மண்ணில் சத்துக் காணாது என்றார் உரக்கடைக்காரர். கண்ணூறு, நாவூறு என்று சொல்லித் தேசிக்காய் வெட்டிப் போட்டவள் நான்தான்.

லைற்றில் அடைந்த பூச்சியைத் துடைக்க ஏணியில் ஏறிய என் கணவர் இறங்காமல் நின்றார். "இஞ்ச ஏறி வாரும்" என்றார். ஏறிப் பார்த்தேன். பச்சை எங்கள் வேலியடியில் ஒடுங்கித் தொடங்கி, போகப்போக விசிறிபோல விரிந்திருந்தது. லைற் அடித்த இடத்துக்கு வெளியே ஒரு முழம்கூடப் பச்சை இல்லை. இரவையே காணாத நெல்லுக்குக் கதிர் விடுகிற யோசனை எங்கிருந்து வரும்?

"இப்ப சொல்லவேண்டாம்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வேலியடிக்குப் போய்விட்டேன். என் வாயில் எதுவும் தங்காது. அதோடு அது அக்காவின் சோறு.

அக்கா நெல்லைப் பார்த்தார், லைற்றைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். "பாவம், இவ்வளவு நாளும் நித்திரையில்லாமல் நிண்டிருக்கு" என்றார். நாங்களும்தான் நித்திரையில்லாமல் கிடந்தோம். எங்களை யாரும் பாவம் பார்க்கவில்லை.

அன்றோடு லைற்றை நிறுத்தினோம். வெட்டு மெசின் வந்து பழுத்ததை மட்டும் வெட்டிக்கொண்டு போனது. பச்சை விசிறி, யானைக்குப் பரிமாறி வைத்த சாப்பாடாகத் தனியே நின்றது. பொழுதுபட முன்பே அக்கா யானை வெடியோடு எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுவார். அவருக்குத் துணை என்ற பெயரில், இருட்டுக்குப் பயந்த நானும் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பொழுதுபட்டு இருளுகிற மைமல் நேரத்தில் யானை வந்தே விட்டது. வயல் ஓரத்தில் கறுப்பாக நின்றது. வெடி நமுத்துப்போய்ப் பற்றவில்லை. என் கணவர் உள்ளே ஓடிப்போய் லைற்றைப் போட்டார். வயல் பட்டப்பகலானது. யானை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. போன உயிர் திரும்பிவந்த சந்தோசத்தில் அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் என்னைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

"லைற்றை நூருங்கோ தம்பி! கெதியா நூருங்கோ! நெல்லு முழிக்கப் போகுது!"

மாசி நடுவில் ஒரு காலை அக்கா என் கையைப் பிடித்து வயலுக்கு இழுத்துப் போனார். ஒரு தண்டை நகத்தால் பிரித்துக் காட்டினார். உள்ளே, வெள்ளையாய், தொட்டால் கரைந்துவிடும்போல இளங்கதிர். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, வந்திட்டுது!" என்று கத்தினேன்.

அவர் என் வாயைப் பொத்தினார். "மெல்லமாக் கதையுங்கோ" என்றார்.