தொமாசா வாய் திறந்த வியாழக்கிழமை

தொமாசா சிவலானும் நானும் ஆறு வருடம் ஒரே சமையலறையில் வேலை பார்த்தோம். நெப்ராஸ்காவில், பிளாட் ஆற்றை ஒட்டிய எங்கள் ஊரின் ஆரம்பப் பள்ளிச் சமையலறை அது. அவள் கரண்டியோடு முன்னால் நிற்பாள். நான் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து பிள்ளைகளின் சாப்பாட்டு அட்டையைத் தேய்த்து அனுப்புவேன். பள்ளிக்கு வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஊர்க்கோடி மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிற வரிசையில் நின்றவள் அவள். வலது கட்டைவிரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. மடங்காத விரலோடு அவள் அள்ளிப் போடுகிற மசித்த உருளைக்கிழங்கில் ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் பருக்கையளவு வித்தியாசம் இருக்காது.

குவாத்தமாலாக்காரி. ஆள் குள்ளம், பேச்சு குறைவு. நான் மெக்சிகோவில் பிறந்து ஏழு வயதில் இங்கே வந்தவள். பேசாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வரும். அவளுடைய ஸ்பானிஷ் எனக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த மொழியில் பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; ஆண்பால் வர வேண்டிய இடத்தில் பெண்பாலைப் போடுவாள்.

"ஏன்க்கா, உங்க நாட்டுல சூரியன்கூட பொம்பளையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரா இருந்தா என்ன? காலைல எந்திரிச்சு வேலைக்கு வந்துரணும், அவ்வளவுதான்" என்றாள், பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, ஹோசெஃபா இஷ்கோய் வரும் வரை.

அந்தச் சிறுமி ஜனவரியில் வந்தாள். எட்டு வயது. அப்பா தொழிற்சாலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து அம்மாவும் அவளும் வந்திருந்தார்கள். மிஸ் லுண்ட் நடத்துகிற ஆங்கில வகுப்பில் போட்டார்கள். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் பதினேழு பேர் அங்கே. சோமாலியா, பர்மா, மெக்சிகோ, கியூபா என்று கலவை. வந்த ஒரு மாதத்தில் மற்றவர்கள் சண்டை போடுகிற அளவுக்காவது ஆங்கிலம் பிடித்துவிடுவார்கள். ஹோசெஃபா மட்டும் வாயே திறக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டாள். காது பரிசோதனை செய்தார்கள்; காது நன்றாக இருந்தது. ஸ்பானிஷில் பேசிப் பார் என்று என்னை அழைத்தார்கள். நான் அரை மணி நேரம் பேசினேன். அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா வந்தபோதும் நான்தான் இடையில் நின்றேன். எதைக் கேட்டாலும் "சரிங்க, சரிங்க" என்றாள். அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்தவள் நான். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச்சில் வகுப்பில் அன்றாட வாழ்க்கை என்று ஒரு பாடம் வந்தது. எங்கே தூங்குகிறாய், எங்கே சாப்பிடுகிறாய், எங்கே குளிக்கிறாய் என்று ஆங்கிலத்தில் மிஸ் லுண்ட் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, பிள்ளைகள் விடையை வரைய வேண்டும். ஹோசெஃபா முதல்முறையாகப் பென்சிலை எடுத்தாள். எடுத்தவள் வரைந்த மூன்றாவது படம்தான் எல்லாரையும் கலங்க வைத்தது. மண்ணால் கட்டிய, இடுப்பு உயரக் குடிசை ஒன்று. உள்ளே நெருப்பு. இடுக்கெல்லாம் புகை. நெருப்புக்குப் பக்கத்தில் துணியில்லாமல் ஒரு பெரிய உருவமும் ஒரு சின்ன உருவமும்.

மனநல ஆலோசகர் படத்தைப் பார்த்துவிட்டு, வீடு எரிந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளை என்று சொல்லிவிட்டார். அதிர்ச்சியில் மூளை மந்தப்பட்டிருக்கலாம், கற்பதில் பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்புக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. வியாழக்கிழமை கூட்டம். அம்மா வர வேண்டும்; நான் மொழிபெயர்க்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் தட்டுகளைக் கழுவும்போது தொமாசாவிடம் இதைச் சொன்னேன். அவள் குழாயை நிறுத்தினாள்.

"குடிசைக்குக் கதவு இருந்துச்சா?"

"கதவுன்னு இல்ல, சின்னதா ஒரு ஓட்டை. ஆளு தவழ்ந்துதான் போக முடியும்."

"எங்க இருக்கு அந்தப் படம்?"

படம் வகுப்பறைக்கு வெளியே நடைபாதைச் சுவரில் மற்ற படங்களோடு ஒட்டியிருந்தது. தலைமுடியை மூடும் வலையோடும் ஈரக் கையோடும் அவள் அதன் முன்னால் போய் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்தில் அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"பைத்தியக்காரங்களா. இது எரியிற வீடு இல்ல, குளிக்கிற வீடு. உள்ள கல்லைச் சுட வச்சு தண்ணி தெளிச்சா ஆவி கிளம்பும். எங்க மலைல குளிர் எலும்பைக் கடிக்கும். அதுக்குள்ள போய் உக்காந்துதான் குளிப்போம். குளிக்கிறவங்க துணியோடவா இருப்பாங்க?"

"உங்க ஊர்லயும் இப்படித்தானா?"

"அந்தப் பொண்ணு எங்க பக்கம். கிச்சே பேசுறவ, எங்க மலைப் பாஷை. ஸ்பானிஷ் இல்ல, அது வேற. அதுக்கும் இதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது."

"அக்கா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"மூணு வாரமாத் தெரியும். ஒருநாள் தட்டுல சோளம் போட்டேன். டப்பாச் சோளம், கொழகொழன்னு இருக்கும். அதைப் பாத்து, 'ஐயோ, இதுக்குப் பல்லே இல்லையே'ன்னு எங்க பாஷையில முணுமுணுத்தா. என் காதுல விழுந்துச்சு."

"நீங்க எதுவும் சொல்லலையா?"

"சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். முதல் வகுப்பில் கிச்சே பேசினதற்காக வாத்தியார் சோளத் தட்டையால் வாயிலேயே அடித்தாராம். இரண்டாவது வருடத்தோடு பள்ளியை விட்டுவிட்டாள். இங்கே தொழிற்சாலைக்கு வந்தபோது, அம்மாவோடு போனில் கிச்சேயில் பேசுவதைக் கேட்டு, கூட வேலை செய்தவர்கள் 'காட்டுக்காரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அந்தப் பேச்சு.

"நீ மட்டும் என்ன? என் ஸ்பானிஷைப் பாத்து நீயும்தான் சிரிக்கிற" என்றாள். குரலில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பேசாமல் இருந்து எனக்குத் தலைவலி வராத ஒரே நாள் அது.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். தலைமை ஆசிரியை, ஆலோசகர், மிஸ் லுண்ட், ஹோசெஃபா, அவள் அம்மா, நான். தொமாசா வருவதாக என்னிடம் சொல்லவில்லை. ஆலோசகர் தன் தாள்களையும் சுவரிலிருந்து எடுத்த படத்தையும் மேஜையில் வைக்கும்போது கதவு தட்டப்பட்டது. ஏப்ரனோடும் முடி வலையோடும் உள்ளே வந்தாள்.

"மன்னிக்கணும். இந்தப் புள்ளைகிட்ட நான் பேசணும்" என்றாள் ஆங்கிலத்தில். அவள் ஆங்கிலம் பள்ளிச் சமையலறையில் கற்றது. இலக்கணம் இருக்காது, குழப்பமும் இருக்காது.

"தொமாசா, இது ரகசியக் கூட்டம்" என்றார் தலைமை ஆசிரியை.

தொமாசா அதற்குள் சிறுமியின் முன்னால் குந்திவிட்டாள். ஏதோ கேட்டாள். தொண்டையில் நின்று நின்று வெடிக்கிற மாதிரி ஒரு மொழி. நான் அதுவரை கேட்டதேயில்லை. சிறுமியின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். சிறுமி ஒரு கணம் பார்த்தாள். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினாள். மூச்சு விடவில்லை. கையை ஆட்டினாள், மிஸ் லுண்டைக் காட்டினாள், ஜன்னலைக் காட்டினாள், தன் நெஞ்சில் தட்டினாள்.

"என்ன சொல்றா?" என்றார் ஆலோசகர்.

"முதல்ல, அவ பேரு அது இல்லையாம். காகிதத்துலதான் ஹோசெஃபா. வீட்ல எல்லாரும் ஷெப்னுதான் கூப்பிடுவாங்க. யாரோ ஹோசெஃபாவைத் தெனமும் தேடுறாங்க, அந்தப் பொண்ணு ஏன் வரவே மாட்டேங்கிறான்னு நெனைச்சிட்டிருந்தாளாம்."

மிஸ் லுண்ட் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்புறம் இந்தப் படம்" என்று தொமாசா மேஜையிலிருந்து அதை எடுத்தாள். குளிக்கிற வீட்டைப் பற்றி எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னாள். பிள்ளை பெற்றவளை அதற்குள் வைத்துத்தான் தேற்றுவார்கள், காய்ச்சல்காரனை அதற்குள் வைத்துத்தான் எழுப்புவார்கள் என்றாள். பெரிய உருவம் ஷெப்பின் அம்மா, சின்னது ஷெப். எதுவும் எரியவில்லை. யாரும் சாகவில்லை.

ஆலோசகர் தன் தாள்களைப் பார்த்தார். மிஸ் லுண்டின் முகம் சிவந்து போயிருந்தது. ஆனால் அவள்தான் முதலில் பேசினாள்.

"ஒரு நிமிஷம். 'எங்கே குளிக்கிறாய்'னு நான் இங்கிலீஷ்லதான் கேட்டேன். வேற எந்த பாஷையிலயும் கேட்கல. அவ சரியான பதிலை வரைஞ்சிருக்கா." படத்தைத் தூக்கிக் காட்டினாள். "மூணு கேள்விக்கும் சரியான பதில். இந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் புரிஞ்சிருக்கு. புரியாதவங்க நாமதான்."

தொமாசா அதைக் கிச்சேயில் சொன்னாள். ஷெப்பின் அம்மா தொமாசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனி வகுப்புப் பேச்சு அதோடு முடிந்தது.

அடுத்த வாரம் முதல் சாப்பாட்டு வேளைக்கு முன் ஒரு மணி நேரம் தொமாசா ஆங்கில வகுப்பில் உட்கார வேண்டும் என்று மிஸ் லுண்ட் கேட்டாள். சமையலறை மேற்பார்வையாளருக்கு அது பிடிக்கவில்லை. "அப்ப காய் யார் நறுக்குறது?" என்று என்னைப் பார்த்தார். நறுக்கினேன். ஒரு வருடம் முழுக்க அவள் பங்கையும் சேர்த்து நறுக்கினேன். நான் கொடுக்க வேண்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு உதவியாளராக நிரந்தரமாகச் சேர, உயர்நிலைப் பள்ளிக்கு இணையான தேர்வு எழுத வேண்டும். இரண்டாவது வகுப்போடு நின்றவள் நாற்பத்தாறு வயதில் பின்னங்களைப் படிக்க உட்கார்ந்தாள். கணக்கில் ஒருமுறை தோற்றாள்.

"விட்டுருவீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு மாட்டுல எத்தனை எலும்புன்னு எனக்குத் தெரியும். இந்த நாலுல மூணு என்னை என்ன பண்ணிரும்?"

இரண்டாவது முறை தேறினாள். அந்தச் சான்றிதழைப் பெருஞ்சீரக வாசனை அடிக்கிற எங்கள் சமையலறை அலமாரிக் கதவில் ஒரு வாரம் ஒட்டி வைத்திருந்தோம். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் நான் காட்டினேன். அவள் ஒருவரிடமும் காட்டவில்லை. ஆனால் கதவைத் துடைக்கிற வேலையை மட்டும் வேறு யாருக்கும் விடவில்லை.

அடுத்த மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பல நாட்டுப் பிள்ளைகளின் ஆண்டு விழாவுக்குப் பெற்றோரை அழைத்தார்கள். வழக்கமாக அந்த நாளில் கொடியும் பட்டு உடையும் ஆட்டமும் இருக்கும். இந்த முறை மிஸ் லுண்டும் தொமாசாவும் வேறு மாதிரி செய்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் ஒருநாள் எப்படிப் போகிறது என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வாசிக்க வேண்டும். பர்மாவிலிருந்து வந்த சிறுமி, கன்னத்தில் மரப்பட்டைக் குழம்பு பூசாமல் பாட்டி கடைக்கு அனுப்ப மாட்டாள் என்று வாசித்தாள். சோமாலியப் பையன் அப்பா வேலைக்குப் போகும்போது அம்மா வேலையிலிருந்து வருவாள் என்றும், இருவரும் வாசலில் ஒரு கோப்பைத் தேநீரைப் பாதிப் பாதி குடிப்பார்கள் என்றும் வாசித்தான். அரங்கில் பலர் தலையை ஆட்டினார்கள். ஷெப் கடைசியில் வந்தாள். குளிக்கிற வீட்டைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க, தப்பில்லாமல், அவசரமில்லாமல் வாசித்தாள்.

முடிவில் தொமாசா இரண்டு வார்த்தை பேச வேண்டும். மேடைக்குப் போனவள் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முந்நூறு பேர் இருந்தார்கள். பெரும்பாலும் தொழிற்சாலை ஆட்கள்; பட்டப்பெயர் வைத்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன்.

"சகாரிக்" என்றாள். கிச்சேயில் காலை வணக்கம்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல், "சகாரிக்." பிறகு இடது பக்கத்திலிருந்து ஒன்று. பிறகு கதவோரத்திலிருந்து நாலைந்து சேர்ந்து. திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர், எட்டு வருடமாக ஸ்பானிஷ் பேசுகிறவர் என்று நான் நினைத்த மனிதர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை, அவளும் எழுந்தாள். எழுந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது.

தொமாசா அவர்களைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் அவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. கிச்சேயில் ஒரு வாக்கியம், அதையே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் என்று பத்து நிமிடம் பேசினாள். கைதட்டி என் உள்ளங்கை எரிந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலக ஜன்னலில் பத்தொன்பது குடும்பங்கள் வரிசையில் நின்றன. வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் இருப்பதை அடித்துவிட்டுச் சரியானதை எழுத வேண்டும் என்றார்கள். எப்படி எழுதுவது என்று செயலாளர் கேட்க, தொமாசா ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்.

இப்போது ஒமாஹா மருத்துவமனைகளிலிருந்தும் நீதிமன்றங்களிலிருந்தும் அவளுக்குத்தான் போன் வருகிறது. மாநிலத்தில் அந்த மொழிபெயர்ப்புக்கு ஆள் குறைவு. போன வாரம் நான் வகுப்பறைக்குப் பால் பெட்டி கொண்டு போனபோது அப்படி ஒரு போன் வந்தது.

"பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க டாக்டர்" என்றாள். "இப்ப ரெண்டாம் வகுப்பு வாசிச்சிட்டிருக்கு."